அண்ணி போட்ட கையெழுத்து

அன்று காலையில் அந்த வீட்டில் முதலில் பேச ஆரம்பித்தவை பாத்திரங்கள்தான். ஓரகத்தி தட்டுகளை அலமாரியில் அடுக்குகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. கோபம் யார்மேல் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சமையலறையில் அவளைத் தவிர ஒருத்திதான் இருந்தாள். தலையை நிமிர்த்தாமல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒருத்தி அண்ணி. மூத்தவர் மனைவியான ஓரகத்தி பெரியண்ணி, இளையவர் மனைவி வெறும் அண்ணி. அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் என்னவோ பாப்பா மட்டும்தான். ஆனால் பாப்பா நாள் முழுக்க 'அண்ணி அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால் கொண்டுவருகிறவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள்.

பாப்பா என்றதும் தொட்டிலில் கிடக்கிற குழந்தையை நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பதைத் தாண்டியவள். நெற்றியோரத்தில் நரைகூட எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி கொஞ்சம் மெதுவாக இருந்ததால், 'பாப்பா மாதிரி, பாப்பா மாதிரி' என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராக நின்றுவிட்டது. மூத்தவரான பெரியவருக்கும், அண்ணியின் கணவருக்கும் ஒரே தங்கை.

"டீயைக் குடிச்சிட்டுப் போங்க எல்லாரும்!" என்றாள் ஓரகத்தி, டம்ளரை மேடையில் அறைந்தபடி. "கோர்ட்டுக்குப் போறீங்கல்ல... தெம்பு வேணாமா? கட்டின புருஷன் கண்ணை மூடினப்போ 'பாப்பாவை நான் பாத்துக்கறேன்'னு ஊரைக் கூட்டிச் சொன்னவ... இன்னிக்கு அதே வாயால 'எனக்கு இவ வேணாம்'னு ஜட்ஜுகிட்ட சொல்லப் போறா!"

"வேணாம்னு நான் எங்கேயும் சொல்லலக்கா..."

"பின்ன? கார்டியனா இருக்க முடியாது, ரத்து பண்ணுங்கன்னு எழுதிக் குடுத்தா அதுக்கு வேற என்னடி அர்த்தம்? வீட்டுக்கு கோர்ட்டுலேர்ந்து நோட்டீஸ் வந்தப்போ உங்க மாமா எப்படித் துடிச்சுப் போயிட்டாரு தெரியுமா? 'ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலையே, கை கழுவிட்டாளே'ன்னு..."

அண்ணி வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அது நாக்கு நுனி வரை வந்து நின்றது. அப்போது பாப்பா வாசற்படியில் வந்து நின்றாள். குளித்து, தலை வாரி, வேலைக்குப் போகிற நல்ல சட்டையைப் போட்டிருந்தாள். அண்ணியைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சொல்லாதீங்க அண்ணி.

அண்ணி அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு ரொட்டித் தட்டை நீட்டினாள்.

ஓரகத்திக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பாப்பா தட்டோடு அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சுக்கோ. நாளைக்கு அவ எங்கேயோ போயிட்டா... அவ இல்லேன்னா, இந்த வீட்டுல உனக்கு என்னடி வேலை?"

மற்றதெல்லாம் தோலோடு போயிற்று. இது மட்டும் உள்ளே இறங்கியது. ஏனென்றால் அண்ணியே தன்னை அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஆரம்பித்தது லாண்டரியில். ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரி அது. பாப்பாவுக்கு அங்கே துண்டு மடிக்கிற வேலை. காலையில் போனால் மாலை வரை வெள்ளைத் துண்டு, மறுபடியும் வெள்ளைத் துண்டு. அவள் மடித்த அடுக்கில் ஓரம் பிசகாது. இவள் கை சுத்தத்தைப் பார்த்து, பெரிய நீராவி இஸ்திரி மெஷினில் பழக்கலாம் என்று சூப்பர்வைசருக்குத் தோன்றியிருக்கிறது. பாப்பாவுக்காகக் கையெழுத்துப் போட கோர்ட் நியமித்திருந்த கார்டியனின் சம்மதம் வேண்டுமே! அண்ணிக்குப் போன் செய்தார்.

"வேணாம் சார். சூடு சார் அது... கையைச் சுட்டுக்குவா."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அண்ணி காய் நறுக்கப் போய்விட்டாள். பாப்பாவிடம் சொல்லவே இல்லை. மறைக்கிற எண்ணமெல்லாம் கிடையாது. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குப் படவில்லை. பாப்பாவிடம் யாராவது 'சாப்பிட்டியா?' என்று கேட்டால்கூட 'சாப்பிட்டாச்சு' என்று அண்ணிதான் சொல்வாள். டாக்டர் 'எங்கே வலிக்குது?' என்றால் 'இடுப்புல டாக்டர்' என்று அண்ணிதான் சொல்வாள். பாப்பாவும் கேள்வி வந்த உடனே அண்ணியின் முகத்தைப் பார்ப்பாள். வருஷக்கணக்காக அப்படியே ஓடிவிட்டது.

சில நாள் கழித்து அந்த மெஷினில் வேறொரு பெண் போய் நின்றாள். பாப்பா ஏன் என்று கேட்டாள். "உங்க அண்ணி வேணாம்னுட்டாங்களே..." என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை பாப்பா அழவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, அண்ணிக்கு நேர் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"அண்ணி... எனக்காக நீங்க கையெழுத்துப் போடறது எப்போ முடியும்?"

"முடியறதா? அதெல்லாம் முடியாதும்மா. எப்பவும் போடுவேன்."

"எல்லாம் முடியும்ல அண்ணி? ஸ்கூல் முடிஞ்சுது. பல்லுக்குக் கம்பி போட்டது முடிஞ்சுது. இது மட்டும் ஏன் முடியல?"

அண்ணி எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். என்ன குறை வைத்தேன் என்று அழுதாள். கணவர் மாரடைப்பில் போனபோது அவளுக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. கூடப் பிறந்த அண்ணன் வந்து, 'வா, நம்ம வீட்டுக்குப் போயிடலாம், உனக்கொரு வாழ்க்கை அமைச்சுத் தர்றேன்' என்றான். நல்ல மனிதர் ஒருவரைப் பார்த்தும் வைத்திருந்தான். 'பாப்பாவை என்ன செய்யறது?' என்று ஒரே கேள்வியில் அவனைத் திருப்பி அனுப்பினாள். அதன்பின் யார் எதற்குக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். கல்யாணத்துக்கு வரவில்லையா? பாப்பா இருக்கிறாளே. வேலைக்குப் போகக்கூடாதா? பாப்பா இருக்கிறாளே. அந்தப் பாப்பா இப்போது எதிரே உட்கார்ந்து, எப்போ முடியும் என்று கேட்கிறாள்!

அண்ணி இரண்டு நாள் பாப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், இவள் கேட்டதில் என்ன தப்பு என்று தேடித் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. பாப்பாவை அழைத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனாள்.

கார்டியனே மனு போட்டால் வேலை சுலபம், நெருங்கிய உறவுக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும், கடைசியில் நீதிபதி பாப்பாவை நேரில் கேட்டு முடிவு செய்வார் என்று வக்கீலம்மா விளக்கினார். திரும்பி வருகிற வழியில் பாப்பா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியண்ணன்கிட்ட நான்தான் கேட்டேன்னு சொல்லாதீங்க அண்ணி. கத்துவாரு... எனக்கு வயித்தைப் பிசையும். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

பெரியவர் மரம் அறுக்கிற மில் வைத்திருப்பவர். ரம்பச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பாப்பா அவர் குரல் கேட்ட உடனே தோளைச் சுருக்கிக்கொள்வாள். அது தன்னால்தான் என்பது அவருக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

அப்படித்தான் பழி முழுக்க அண்ணியின் தலையில் வந்து இறங்கியது. அவளும் 'சரி, விழுந்தது என் தலையிலேயே இருக்கட்டும்' என்று சுமந்துகொண்டு திரிந்தாள்.

கோர்ட்டில் அவர்கள் முறை வரக் காத்திருந்தபோது பெரியவரும் ஓரகத்தியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணியும் பாப்பாவும் எதிர்ப் பெஞ்சில். இடையே ஆட்கள் நடக்கிற வழி. ஒரே வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். பெரியவர் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். பாப்பா அண்ணியின் பக்கம் நகர்ந்து ஒட்டிக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"ம்."

"வேணாம்னா வீட்டுக்குப் போயிடலாம்..."

கேட்கும்போதே அண்ணிக்குத் தன் குரலில் இருந்த ஆசை தெரிந்தது. வேணாம்னு சொல்லேன் என்கிற ஆசை. பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பயமா இருக்கு. ஆனா வேணும்."

நீதிபதியின் அறை நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஒரு மேஜை, நாலைந்து நாற்காலி, மூலையில் கட்டுக் கட்டாகக் காகிதம். நீதிபதிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கனிவாகவே ஆரம்பித்தார்.

"பயப்படாதேம்மா. சும்மா பேசத்தான் கூப்பிட்டேன். உனக்கு என்ன வயசாகுது?"

பாப்பா அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தொண்ணு முடிஞ்சுதுங்க ஐயா," என்றாள் அண்ணி.

நீதிபதி தலையாட்டினார். "எங்கே வேலை பார்க்கறே?"

பாப்பா திரும்பினாள்.

"லாண்டரியிலங்க. துண்டு மடிக்கிற செக்ஷன்ல..." சொல்லி முடித்த பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது. வக்கீலம்மா அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அவங்களைக் கேட்டேன்," என்றார் நீதிபதி, பேனாவைக் கீழே வைத்து.

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இனி வாயே திறப்பதில்லை என்று வைராக்கியமாக உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா. லாண்டரியில உனக்குப் பிடிச்ச வேலை எது?"

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பேசவில்லை. பாப்பா பார்த்துக்கொண்டே இருந்தாள். கேள்வி வந்தால் பதில் அந்த முகத்திலிருந்துதான் வரும், இன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. பாப்பாவின் கண்ணில் நீர் முட்டியது. அண்ணியின் உதடு அவளை அறியாமலே அசைந்தது. பாப்பா அந்த உதட்டைப் படிக்கப் பார்த்தாள்.

"பாத்தீங்களா ஐயா!" பெரியவரின் குரல் சன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. "அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அது குழந்தைங்க. அதைக் கொண்டாந்து கோர்ட்டுல நிறுத்தி வேடிக்கை காட்டறாங்க!"

பாப்பா தோளைச் சுருக்கிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

நீதிபதி குனிந்திருந்த பாப்பாவைப் பார்த்தார். பிறகு வக்கீலம்மாவிடம், "எனக்கும் கொஞ்சம் தயக்கமாத்தான் இருக்கு. ஒரு கேள்விக்கும் சொந்தமா பதில் வரலையே. இப்போதைக்கு இந்த ஏற்பாடே தொடரட்டும்னு நினைக்கிறேன்..." என்றார்.

அண்ணிக்கு நெஞ்சில் ஏதோ குளிர்ந்தது. உண்மையைச் சொன்னால், அது சந்தோஷம்தான். எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாளைக் காலையில் பாப்பாவை எழுப்பலாம், தலை வாரிவிடலாம். 'அவ இல்லேன்னா உனக்கென்ன வேலை' என்று யாரும் கேட்க முடியாது. நான் ஒன்றும் கெடுக்கவில்லையே, மனு போட்டவளே நான்தானே, கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை, நான் என்ன செய்ய? ஒன்றுமே செய்ய வேண்டாம். நாற்காலியில் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும்.

பாப்பா குனிந்த தலை நிமிரவில்லை. பயமா இருக்கு, ஆனா வேணும் என்று சொன்னவள்.

அண்ணி எழுந்தாள்.

"ஐயா... நான் வெளியே போறேன். நான் இந்த ரூம்ல இருக்கிற வரைக்கும் அவ பேச மாட்டா. அவளுக்குத் தெரியாததால இல்லீங்க. நான் பேச விட்டதில்ல. யார் என்ன கேட்டாலும் நானே சொல்லிடுவேன்... அதையே பழக்கிட்டேன். நான் செஞ்ச தப்புக்கு அவளை ஃபெயில் பண்ணிடாதீங்க ஐயா!"

"அண்ணி!" பாப்பா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "போகாதீங்க... எனக்கு பதில் தெரியாது அண்ணி..."

"தெரியும். என்கிட்ட எப்படிக் கேட்டே? அப்படியே இவர்கிட்டயும் சொல்லு."

"முடியாது..."

"விடு கண்ணு."

பாப்பா விடவில்லை. அண்ணிதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்து, கதவைச் சாத்தினாள்.

வராந்தாவில் யாரோ ஒருவர் கோர்ட் ஃபைலைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி கதவுக்குத் தள்ளிப் போய் சன்னலோரம் நின்றாள். கிட்டே நின்றால் உள்ளே ஓடிவிடுவோம் என்று பயம்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இருமல் சத்தம், அது நீதிபதி. பிறகு கேவல், அது பாப்பா. அண்ணி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள், குழந்தை அழுகிறது, போய் மூக்கைத் துடைத்துவிட ஆள் இல்லை... கால் ஓரடி நகர்ந்தது. நிறுத்திக்கொண்டாள்.

கேவல் அடங்கியது. அப்புறம் பாப்பாவின் குரல் வந்தது. வார்த்தை பிடிபடவில்லை. குரல் மட்டும்தான். முதலில் துண்டு துண்டாக, பிறகு கொஞ்சம் நீளமாக. நடுவே யாரோ சிரித்தார்கள். மறுபடி பாப்பா பேசினாள். பேசிக்கொண்டே போனாள்! அண்ணி கூடவே இல்லாமல் அந்தக் குரல் இவ்வளவு தூரம் போய் அவள் கேட்டதே கிடையாது. என்ன சொல்கிறாள்? யாரைப் பற்றிச் சொல்கிறாள்? பாப்பாவைப் பற்றித் தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இந்த உலகத்தில் முதன்முதலாக உண்டாகிக்கொண்டிருந்தது. அண்ணி அந்த வராந்தாவில் அத்தனை பேர் போய் வருகிற இடத்தில் ஒண்டியாக நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது. பெருமை இப்படியா வலிக்கும்!

கதவு திறந்தது. முதலில் வந்தவள் ஓரகத்தி. முகம் அழுது வீங்கியிருந்தது. நேரே வந்து அண்ணியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டி சொல்லல? ஏன்டி... அவதான் கேட்டாளாமே! 'நான்தான் முடிக்கணும்னு சொன்னேன், அண்ணி அழுதாங்க, அப்புறம் கூட்டிட்டுப் போனாங்க'ன்னு அத்தனையும் சொல்லிட்டா... இத்தனை நாளா நான் உன்னை என்னென்ன பேசினேன்! காலையில என்ன கேட்டேன்! வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டியேடி பாவி..."

"சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்கு குடுத்தேன்க்கா."

"ஜட்ஜ் கேட்டாரு, 'உங்க அண்ணி உன்னை நல்லாப் பாத்துக்கலையா'ன்னு. அதுக்கு அவ, 'ரொம்ப நல்லாப் பாத்துக்குவாங்க, அவங்களுக்கு வேற வேலையே இல்லை'ங்கறா!" அழுகைக்கு நடுவே ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'சந்தேகம் வந்தா யாரைக் கேப்பே'ன்னாரு. 'அண்ணியைக் கேப்பேன். அண்ணி சொல்லுவாங்க. அதுக்கப்புறம் நான் யோசிப்பேன்'னாடி... ஜட்ஜ் எழுதறதை நிறுத்திட்டு அவளையே பாத்தாரு."

அண்ணி அதற்கு மேல் தாங்கமாட்டாமல் ஓரகத்தியின் தோளில் சாய்ந்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு பேரும், வந்த நாளிலிருந்து ஒரே அடுப்பில் நின்றவர்கள், கட்டிப்பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

பெரியவர் பின்னாலேயே வந்து நின்றார். இவ்வளவு பெரிய ஆகிருதி எங்கே போயிற்றோ, கடன் வாங்கப் போனவர் மாதிரி ஒடுங்கி நின்றார்.

"எனக்குப் பயந்துதான் சொல்லலையாம்மா..." அவர் மெதுவாகப் பேச முயன்றார். அது பாதி வராந்தாவுக்குக் கேட்டது. "நான் அவளை ஒரு நாள் அடிச்சிருப்பேனா? அதட்டியிருப்பேனா? என் குரலே அப்படித்தானேம்மா... 'பெரியண்ணன் பேசினா எனக்கு வயித்தைப் பிசையும்'னு ஜட்ஜுகிட்ட சொல்றா. முப்பது வருஷமா பிசைஞ்சிருக்கு. எனக்குத் தெரியல பாரு."

"அதையும் அவளே சொல்லிட்டாளே மாமா. இனிமே உங்களுக்குத் தெரியும்ல."

அவர் தலையாட்டினார். "நீ எங்கேயும் போக வேணாம்மா. அது உன் வீடு. பாப்பாவுக்காக இல்ல, உனக்காகச் சொல்றேன்," என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா," என்றாள் அண்ணி. அப்படி ஒரு பதிலை அவள் அந்த வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

பாப்பா கடைசியாக வந்தாள், வக்கீலம்மாவோடு. வந்த வேகத்தில் அண்ணியின் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"ஏன் விட்டுட்டுப் போனீங்க? ரொம்ப பயமா இருந்துச்சு!"

"அப்புறம்?"

"அப்புறம் அழுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பேசிட்டேன்." சொல்லிவிட்டுத் தானே அதிசயித்தது போல நின்றாள். பிறகு அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கார்டியன் ரத்து என்று நீதிபதி சொல்லிவிட்டார், இனி பாப்பாவின் கையெழுத்து பாப்பாவுடையது என்று வக்கீலம்மா விளக்கிக்கொண்டிருந்தது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

பாப்பா வீட்டை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாண்டரியில் கிழிந்த சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். பெயரே பட்டன் அக்கா. அவள் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. பாப்பாவே போய்ப் பார்த்து, பாப்பாவே கேட்டு, பாப்பாவே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பெட்டியையும் அவளே அடுக்கினாள். கம்பளிச் சட்டையை மறந்துவிட்டாள் என்று அண்ணிக்குத் தெரிந்தது. கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

"பண்றேன். நீங்க தினமும் பண்ணாதீங்க அண்ணி. லாண்டரில சிரிக்கறாங்க."

"சரி."

தினமும் பண்ணவில்லை. பண்ணாமல் இருப்பதே ஒரு வேலையாக இருந்தது. காலையில் எழுப்ப ஆள் இல்லாதபோதும் கண் அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டது. கடைக்குப் போனால் 'எங்க பாப்பாவுக்கு...' என்று வாய் ஆரம்பித்துவிடும், மீதியை விழுங்கிக்கொண்டு வருவாள். ஓரகத்தி இப்போதெல்லாம் தட்டுகளை மெதுவாக அடுக்கினாள். பெரியவர் சாப்பிடும்போது, "ஏம்மா, இப்ப நான் கத்தறேனா?" என்று கேட்பார். "கொஞ்சம் மாமா," என்பாள் அண்ணி. எல்லோரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். பிரியம் ஒரு பக்கம் இருக்க, ராத்திரி பகல் இல்லாமல் ஒரு வெறுமை அவளோடு ஒரே பாயில் படுத்து எழுந்தது.

ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது.

"அண்ணி! எனக்கு ஒரு பல்லு எடுத்தாச்சு!"

"பல்லா? எப்போ? யாரு எடுத்தா?"

"டாக்டர்தான் எடுத்தாரு. போன வாரம்."

போன வாரம்! இந்த வீட்டில் பாப்பாவுக்குப் பல் கூசினால்கூட அண்ணி ராத்திரி முழுக்கக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன வாரம் ஒரு பல்லே போயிருக்கிறது. அந்த நேரத்தில் அண்ணி என்ன செய்துகொண்டிருந்தாள்? துணி மடித்துக்கொண்டிருந்திருப்பாள். தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

"என்கிட்ட ஏன்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, வேறு ஒன்று கேட்டாள். "வலிச்சுதா?"

"ரொம்ப வலிச்சுது. எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேட்டாரு. நான் காட்டினேன். எடுக்கட்டுமான்னாரு. நான் யோசிச்சேன். எடுங்கன்னேன். கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அழுதேன். அப்புறம் பஸ்ல வந்துட்டேன்."

"தனியாவா?"

"ம். தனியா."

சொல்ல எத்தனையோ இருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, அந்தப் பக்கம் கடிக்காதே, மறுபடி வலித்தால் உடனே என்னைக் கூப்பிடு. அண்ணி அத்தனையையும் அடக்கிக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.

பாப்பா சொல்லிக்கொண்டே போனாள். டாக்டருக்கு வழுக்கை. பட்டன் அக்கா குறட்டை விடுகிறாள். சூப்பர்வைசர் அடுத்த மாதம் நீராவி மெஷினில் நிற்கச் சொல்லியிருக்கிறார், இவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை, மெஷின் நிஜமாகவே சூடாக இருக்கிறது, யோசித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணி எதிர்ச்சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். கண்ணீர் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"சரி அண்ணி, எனக்கு வேலை இருக்கு. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து ஓரகத்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "யாருடி, பாப்பாவா? என்னவாம்? நல்லா இருக்காளாமா? சாப்பிடறாளாமா?"

அண்ணி வாயைத் திறந்தாள். நல்லா இருக்காக்கா, பல்லு எடுத்திருக்கா, வாக்கியம் தயாராக வந்து நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டு, போனை எடுத்து ஓரகத்தியின் ஈரக் கையில் வைத்தாள்.

"அவளையே கூப்பிட்டுக் கேளுங்கக்கா."

ஓரகத்தி போனைப் பிடித்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், பாப்பாவோடு தனியாக அவள் நாலு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் அண்ணியைத்தானே கேட்பாள்!

"என்னன்னுடி ஆரம்பிக்கறது?"

"ஹலோன்னு ஆரம்பிங்க," என்று சொல்லிவிட்டு, அண்ணி முகம் கழுவப் போனாள்.